கேட்காமல் போன கைக்கடிகாரம்

"எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. இவள்தான் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள்."

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது. பக்கத்து நாற்காலியில் மனைவி, எத்தனையோ தடவை கேட்டுச் சலித்த முகத்தோடு. லண்டனில் ஆடியோலஜிஸ்டாக, அதாவது காது கேட்கும் திறனைச் சோதிப்பவளாக, வேலை பார்க்கும் எனக்கும் இது புதிதில்லை. அறுபதைத் தாண்டிய ஆண்கள் பலர் இதே வசனத்தோடுதான் வருவார்கள். ஊரில் உள்ள மனைவிமார் எல்லோரும் கூடிப் பேசி ஒரே நாளில் முணுமுணுக்கத் தொடங்கியதுபோல இருக்கும்.

இவருக்கு வயது 66, ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன். (யாரென்று தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கோட்டில் ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருந்தார்: தி க்ளாஷ். 1976இல் இதே நகரத்தில் கிளம்பிய பங்க் இசைக்குழு.

"உங்களுக்கு எது கேட்கவில்லை?" என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. கேட்காத ஒன்றைப் பற்றி அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? பேட்ஜைப் பார்த்ததும் வேறு கேள்வி போட்டேன். "க்ளாஷின் ஒவ்வோர் ஆல்பத்திலும் ஒரே ஒரு பாட்டு. எதை எடுப்பீர்கள்?" காது எப்படி இருக்கிறது என்று கேட்டபோது சுருங்கியிருந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் ஆல்பம், 1977. இரண்டு இரண்டு நிமிடப் பாட்டுகளாகப் பொரிந்து தள்ளும் தட்டில் அவர் எடுத்தது 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்'. ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய ரெகே பாட்டு அது. க்ளாஷ் அதை ஆறு நிமிடத்துக்கு இழுத்துப் பாடியது. உண்மையில் எல்லாவற்றையும்விட 'வொயிட் மேன் இன் ஹேமர்ஸ்மித் பாலே'தான் பெரிது என்று மேசையைத் தட்டினார். அது 1978இல் தனி சிங்கிளாக வந்தது, பிரிட்டிஷ் ஆல்பம் எதிலும் கிடையாது, அதனால் ஆட்டத்தில் சேர்த்தியில்லை என்றேன். பாட்டில் வரும் அந்த நடனக்கூடமே 2012இல் இடிபட்டுவிட்டது, இனி விதிமுறை யாருக்காக என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது, 'கிவ் எம் இனஃப் ரோப்', 1978. "ஸ்டே ஃப்ரீ" என்றார். மனைவி குறுக்கிட்டார்: "டாமி கன்தானே உங்கள் பாட்டு? அந்தக் காலத்தில் சமையலறை மேசையில் அடித்துக்கொண்டே இருப்பீர்களே." அவர் தலையாட்டி மறுத்தார். அந்த ஆல்பத்தின் ஒலியே கூழ் மாதிரி இருக்கிறதாம், எல்லாம் அமெரிக்காவிலிருந்து கூட்டி வந்த தயாரிப்பாளர் சாண்டி பேர்ல்மன் செய்த வேலையாம்.

'லண்டன் காலிங்', 1979. இரட்டைத் தட்டு, 19 பாட்டுகள். குழுவின் பேஸ் கிட்டார்காரர் பால் சிமனன் தானே எழுதித் தானே பாடிய 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்'. 1980இன் 'சாண்டினிஸ்டா!' மூன்று தட்டு, 36 பாட்டுகள். அதில் பாதியைக் குப்பையில் போடலாம் என்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். அவர் யோசிக்கக்கூட இல்லை: 'தி மேக்னிஃபிசன்ட் செவன்'. 1982இன் 'காம்பாட் ராக்': 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'. இதில் எனக்கும் மறுபேச்சில்லை. அந்த கிட்டாரை நான் முதலில் கேட்டது க்ளாஷ் வழியாக அல்ல, எங்கள் லண்டன் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் வழியாக. 2007இல் வந்த அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' அந்த இசைத்துண்டின் மேல்தான் நிற்கிறது. கடைசியாக 1985இன் 'கட் த க்ராப்'. கிட்டார் வாசித்த மிக் ஜோன்ஸும் இல்லை, டிரம்ஸ் வாசித்த டாப்பர் ஹெடனும் இல்லை. 'திஸ் இஸ் இங்லண்ட்' தவிர எடுக்க எதுவும் இல்லை என்பதில் மூவருமே ஒத்துப்போனோம்.

ஆறு பாட்டையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டேன். மெஷினில் சோதிக்கும் முன்பே ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோட்டுப் படம், பாதி தெரிந்துவிட்டது.

பட்டியலைப் பாருங்கள். முதலாவது ரெகே, தாழ்ந்த சுருதியில் முழங்கும் பேஸ் கிட்டாரின் மேல் நடக்கும் பாட்டு. 'பிரிக்ஸ்டன்' தொடங்குவதே பேஸில்தான். 'மேக்னிஃபிசன்ட் செவன்' முழுக்க நார்மன் வாட்-ராய் வாசித்த பேஸ் சுற்றிச் சுற்றி வருவதுதான். 'ஸ்டே ஃப்ரீ'யோ அவருக்கு வரிக்கு வரி மனப்பாடம். காது தவறவிட்டதை மூளையே நிரப்பிக்கொள்ளும். டிரம்ஸின் சிம்பலும் ஸ்னேரும், கூரிய கிட்டாரும் என்று உச்ச சுருதி ஒலிகள் முன்னால் நிற்கும் பாட்டுகள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து கழன்றிருந்தன. வயதாக ஆக ரசனை ஆழமாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படியும் இருக்கலாம். ரசனையை வைத்து யாருக்கும் நோய் சொல்ல முடியாது. அதனால் சோதனை அறைக்குள் அழைத்துப் போனேன்.

1,000 ஹெர்ட்ஸ் வரை (ஹெர்ட்ஸ் கூடக் கூடச் சுருதி உயரும்) வயதுக்கு மிக நல்ல காது. 2,000இல் சரியத் தொடங்கி 4,000இல் பள்ளத்தில் விழுந்து, 8,000இல் கொஞ்சம் ஏறியது. இரண்டு காதிலும் அதே பள்ளம். முதுமை மட்டும் காரணமென்றால் கோடு சரிந்துகொண்டே போகும், கடைசியில் ஏறாது. 4,000ஐ ஒட்டிய இந்தப் பள்ளம் பெரும்பாலும் பெருஞ்சத்தத்தின் கைரேகை.

மனைவியின் 'முணுமுணுப்பும்' அங்கேதான் இருக்கிறது. பேச்சின் கனத்தைத் தருவது உயிரெழுத்து ஒலிகள், அவை தாழ்ந்த சுருதியில் இருப்பவை. ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ச, ஃப போன்ற ஒலிகள் உச்சத்தில் இருக்கின்றன. நம் மொழியிலேயே சொல்வதானால், இப்படிப்பட்ட காதுக்குக் 'காசு'ம் 'காது'ம் ஒன்றுதான். சத்தம் குறைவதில்லை, தெளிவுதான் போகிறது. அதனால் தனக்குக் குறை என்று யாருக்கும் தோன்றாது, எதிரே இருப்பவர் சரியாகப் பேசவில்லை என்றுதான் தோன்றும்.

அவருக்கு இது ஏறவில்லை. சரி என்று, அவர் ஒதுக்கிவிட்ட 'ராக் த காஸ்பா'வை அறையின் ஸ்பீக்கரில் போட்டேன். டிரம்ஸ், பியானோ, பேஸ் மூன்றையும் டாப்பர் ஹெடன் தானே வாசித்த பாட்டு. அதன் நடுவில் ஒரு டிஜிட்டல் கைக்கடிகாரம் 'டிக்ஸி' என்ற பழைய அமெரிக்க மெட்டைக் கீச்சுக்குரலில் பாடும். அவருக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும், எனக்கே விளக்கினார். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. மனைவி விரலைத் தூக்கினார். அவர் காத்துக்கொண்டே இருந்தார். அடுத்த சரணமும் வந்துவிட்டது.

"இன்னும் வரவில்லையே?" என்றார். மனைவி தூக்கிய விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

எப்படிப் போனது? டாமி கன்னின் ஸ்னேர் அடியை எடுத்துக்கொள்ளுங்கள், துப்பாக்கி வெடிப்பதுபோலவே அடித்திருப்பார்கள். பெருஞ்சத்தம் வந்தால் நடுக்காதில் ஒரு குட்டித் தசை இறுகிக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அது இறுகுவதற்குள் அந்த அடி உள்ளே போய் முடிந்துவிடும். உட்காதில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 15,000 மயிரணுக்கள். செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. கச்சேரி முடிந்து வெளியே வரும்போது காது அடைத்து 'ஙொய்' என்று இரையும், மறுநாள் சரியாகிவிடும். சரியாகிவிட்டது என்றுதான் நினைப்போம். எலிகளில் செய்த ஆய்வுகளில், கேட்கும் அளவு பழையபடி திரும்பிய பிறகும் நரம்பு இணைப்புகள் பல போயேவிட்டிருந்தன.

காதுக்குச் சத்தம் எவ்வளவு என்பது மட்டுமல்ல, எவ்வளவு நேரம் என்பதும் கணக்கு. உலக சுகாதார அமைப்பு சொல்வது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90இல் 4 மணி நேரம். 100இல் வெறும் 20 நிமிடம். மேடைக்கு முன்னால் 100 டெசிபல் சர்வ சாதாரணம். ஒன்றரை மணி நேரக் கச்சேரி ஒன்றிலேயே நாலரை வாரத்துப் பங்கு தீர்ந்துவிடும்.

இதைப் படிக்கும் இளசுகள் 'பங்க்தானே, நமக்கென்ன' என்று தாண்டிவிட வேண்டாம். என் அண்ணன் மகன் இயர்பட்ஸோடு பஸ்ஸில் போகிறவன். "மாமி, பஸ் சத்தத்துக்கு மேல கேக்க வேணுமெண்டா இப்பிடித்தான் வைக்க வேணும்" என்றான். போனின் செட்டிங்ஸில் பார்த்தோம்: 92 டெசிபல். அந்த அளவில் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான். அவன் தினமும் இரண்டு மணி நேரம் போய் வருகிறான், அதாவது செவ்வாய்க்கிழமையே அவனுடைய வாரம் முடிந்துவிடுகிறது. வெளிச்சத்தத்தை அமுக்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் வாங்கினால் ஒலியைத் தானாகவே குறைத்துவிடுவான் என்று அவன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அப்பா விலையைக் கேட்டுவிட்டு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இயர்பிளக். பஞ்சு வேண்டாம், அது பெரிதாக எதையும் தடுக்காது. இசைக்கென்றே செய்த இயர்பிளக் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், பாட்டு கூழாகாது. பயந்தாங்கொள்ளிகள் போடுவது என்று நினைப்பவர்கள் கேத்தி பெக்கைத் தெரிந்துகொள்ளலாம். சான் பிரான்சிஸ்கோவின் 'தி கான்ட்ராக்‌ஷன்ஸ்' என்ற பங்க் குழுவில் பேஸ் வாசித்தவர். 1984இல் ஒரு பெரிய அரங்கில் வாசித்த பிறகு காது இரைச்சல் விடவேயில்லை. 1988இல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து, இசைக்காரர்களின் காதைக் காப்பதற்கென்றே 'ஹியர்' என்ற அமைப்பைத் தொடங்கினார்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு காது திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ மந்தமானால் சளி என்று காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையைத் தொடங்கத் தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும்.

அவர் விஷயத்துக்கு வருகிறேன். சில வாரம் கழித்துக் காது மெஷின் மாட்டினேன். முதலில் எரிச்சல்: தன் காலடிச் சத்தம், பிளாஸ்டிக் பை, காரின் இண்டிகேட்டர், எல்லாம் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். பழகும் என்றேன். பிறகு காஸ்பாவைப் போட்டேன். கடிகாரம் வந்தது, ஆனால் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல நடுங்கியது. அவர் முகம் சுளித்தார். தப்பு என்னுடையதுதான். மெஷின் தானே கீச்சிடாமல் இருக்க அதற்குள் ஒரு தடுப்பு உண்டு. தூய கீச்சொலி எது வந்தாலும் தன் சத்தம் என்றே எண்ணி அது அழிக்கப் பார்க்கும். பேச்சுக்கு அது தேவை, பாட்டுக்கு எமன். இசைக்கென்று தனி புரோகிராம் வைத்து, அதில் தடுப்பைத் தணித்துவிட்டு மறுபடி போட்டேன். (மெஷின் வைத்திருப்பவர்கள் பாட்டு கேட்பீர்கள் என்றால் இதை நீங்களாகவே கேட்டு வாங்குங்கள்.)

இந்த முறை அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்து டாமி கன் கேட்டார். முடிந்ததும் என் மேசையில் இருந்த பழைய தாளை இழுத்து 'ஸ்டே ஃப்ரீ'யை அடித்துவிட்டு எழுதினார். மனைவி ஏதோ முணுமுணுத்தார்.

"கேட்டது" என்றார் அவர், நிமிராமலே.

'காம்பாட் ராக்'குக்கு வந்தபோது பேனா நின்றது. கடிகாரம் இப்போது கேட்கிறது, காஸ்பாவுக்கு மாற்றுவார் என்றுதான் நானும் நினைத்தேன். மாற்றவில்லை. 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' அப்படியே இருக்கிறது.