"காசு கட்டியும் கூகுள்ல வரலியே தம்பி!"

போன ஆடி மாசம் சந்தூரிலிருந்து ஒரு நர்சரிக்காரர் கிருஷ்ணகிரியில் என் ஆபீசுக்கு மகனோடு வந்தார். போச்சம்பள்ளி பக்கத்துச் சந்தூர் மாங்கன்றுக்குப் பேர்போன ஊர். அவருக்கு அறுபது வயசிருக்கும். கையிலிருந்த மஞ்சள் பையிலிருந்து வெப்சைட் செய்துகொடுத்தவர்கள் தந்த, நாலாக மடித்த ஒரு பில்லை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வெப்சைட் போட்டு எட்டு மாசமாச்சு. மொதல்ல கூகுள்ல மேலயே வந்துச்சு தம்பி, ரெண்டு வாரம். அப்புறம் தேடிப் பாத்தா ஆளையே காணோம்."

மேலே வந்ததற்குச் சாட்சி இருந்தது. மகன் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நர்சரி பெயருக்கு மேலே பொடி எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று இருந்தது. அது விளம்பரம். இவர் கொடுத்த காசில் கொஞ்சத்தை எடுத்து யாரோ கூகுள் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். அது தீர்ந்த அன்றைக்கே பெயரும் இறங்கிவிட்டது. 'ஃபர்ஸ்ட் பேஜ் கேரண்டி' என்று பில்லில் எழுதியிருந்ததன் லட்சணம் இதுதான்.

அடுத்து, நான் எல்லோருக்கும் முதலில் செய்து காட்டும் சோதனை. கூகுளில் 'சைட்' (site) என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் வெப்சைட் முகவரியை அடியுங்கள். கூகுள் எடுத்து வைத்திருக்கும் உங்கள் பக்கங்கள் வரிசையாக வரும். எல்லாப் பக்கமும் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் ஒன்றுகூட வரவில்லை என்றால் சந்தேகப்படலாம். இவருக்கு ஒன்றுகூட வரவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தபோது காரணம் ரெண்டே நிமிஷத்தில் கிடைத்தது. வெப்சைட் செய்ய உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்தது அது. அதில் செட்டிங்ஸ், ரீடிங் என்று போனால் அடியில் ஒரு குட்டிக் கட்டம் இருக்கும். 'தேடுபொறிகள் இந்தத் தளத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்பது அதன் அர்த்தம். வேலை நடக்கும்போது அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக்கூடாது என்று அதில் டிக் போட்டு வைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்கவில்லை. அந்த டிக் இருக்கும்வரை ஒவ்வொரு பக்கத்திலும் 'நோஇண்டெக்ஸ்' என்ற உத்தரவு கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கூகுளும் அதை மதித்து விலகிப் போய்விடும். விளம்பரத்துக்கு மட்டும் இந்தத் தடை கிடையாது. ரெண்டு வாரம் தெரிந்து அப்புறம் காணாமல் போன மர்மம் அவ்வளவுதான்.

அவருக்குப் புரியும்படி சொன்னேன்: "மாங்காய் லோடு மண்டி கேட்டுக்கே வரலண்ணா. உள்ள ஏலத்துல என்ன வெலன்னு எட்டு மாசமா கேட்டுட்டு இருந்திருக்கீங்க." சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

கூகுளின் வேலையும் ஏறக்குறைய மண்டி வேலைதான். முதலில் அதன் தானியங்கி நிரல் வந்து பக்கத்தைப் படிக்கும், பிறகு பட்டியலில் சேர்க்கும். யாராவது தேடும்போதுதான் யாரை முன்னால் நிறுத்துவது என்று வரிசை போடும். தேடலில் மேலே கொண்டுவருகிறோம் என்று, எஸ்.இ.ஓ. என்ற பெயரில் விற்கப்படும் பேச்செல்லாம் மூன்றாவதைப் பற்றியே இருக்கும். புது வெப்சைட்டுகள் சிக்கிக் கிடப்பதோ பெரும்பாலும் முதல் ரெண்டில்.

டிக்கை எடுத்தோம். நம் வெப்சைட் கூகுளில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் அவர் மகனுடைய ஜிமெயிலிலேயே வெப்சைட்டைச் சேர்த்தோம். இது இலவசம், யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. வெப்சைட்டின் பக்கங்களுக்கெல்லாம் பட்டியலான சைட்மேப்பைக் கொடுத்து, முக்கியமான நாலு பக்கங்களுக்கு மட்டும் 'பட்டியலில் சேர்' என்று விண்ணப்பம் போட்டோம். அங்கேதான் இன்னொரு பூதம் கிளம்பியது: டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, இவர் பெயரில் இல்லை, செய்துகொடுத்தவர்கள் கணக்கில் இருந்தது. அதை மாற்றி வாங்க மூன்று வாரம் போன் போட வேண்டியிருந்தது. வெப்சைட் செய்யக் கொடுக்கும் முன்னாலேயே டொமைன் யார் பெயரில், யார் மெயிலில் என்று கேட்டுவிடுங்கள். பத்திரம் பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் சும்மா இருப்போமா?

பில்லுக்கு வருவோம். கேரண்டிக்குக் கீழே இன்னும் ரெண்டு வரி இருந்தது. 'மெட்டா கீவேர்ட்ஸ் 200' என்பது ஒன்று. பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்கும் குறிச்சொற்கள் அவை. வரிசைப்படுத்த இந்தக் குறிச்சொற்களைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதற்கு இன்னும் பில் போடுகிறார்கள் என்றால் தைரியத்தைப் பாராட்ட வேண்டும். இன்னொன்று 'பேக்லிங்க்ஸ் 5000'. யார் யாரோ நடத்தும் குப்பைத் தளங்களில் உங்கள் முகவரியை ஒட்டி வைப்பது. 2012-இல் கூகுள் தன் வரிசை போடும் முறையில் பென்குயின் என்று ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்ததே இந்த மாதிரி வேலையை அமுக்கத்தான். சொட்டுநீர்ப் பாசனக் கருவி விற்கும் உள்ளூர்க் கடைக்காரர் தன் தளத்தில் 'கன்று வாங்க இவரிடம் போங்கள்' என்று ஒரு லிங்க் கொடுத்தால், அந்த ஐயாயிரத்தைவிட அது மேல்.

இனிதான் எனக்குப் பிடித்த வேலை. அவருடைய முகப்புப் பக்கத்தைப் படித்தேன். 'தரமான தோட்டக்கலைத் தீர்வுகளுக்கான நம்பகமான கூட்டாளி' என்று போட்டிருந்தது. முழுப் பக்கத்திலும் 'மாங்கன்று' என்ற சொல் இல்லை. ரகங்களின் பெயரும் விலையும் ஒரே படமாக ஒட்டியிருந்தன. படத்துக்குள் இருக்கிற எழுத்தைக் கூகுள் படித்துவிடும் என்று நம்பி வியாபாரம் செய்ய முடியாது.

"அண்ணா, உங்களுக்குப் போன் பண்றவங்க என்ன கேக்கறாங்க?" என்றேன். யோசிக்காமல் கொட்டினார். ஏக்கருக்கு எத்தனை கன்னு புடிக்கும், எந்த மாசம் நடலாம், பெங்களூரா ரகம் இருக்கா, மாங்கூழ் கம்பெனிக்கு எது போவும், வண்டியில ஏத்தி விடுவீங்களா. மகனிடம் சொல்லி அத்தனையையும் எழுத வைத்தேன். வெப்சைட்டில் இருக்க வேண்டிய தலைப்புகள் இவைதான். கூகுளில் தட்டுகிறவரும் போனில் கேட்கிறவரும் ஒரே ஆள்தானே.

ஏக்கருக்கு எத்தனை கன்று என்பதற்கே ஒரு தனிப் பக்கம் வந்தது. பத்து மீட்டர் இடைவெளி விட்டால் 40 கன்று, அடர் நடவில் ஐந்து மீட்டர் விட்டால் 160. இது எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் கணக்கு. ஆனால் அடர் நடவு போட்டவர்கள் கவாத்து பண்ணாமல் விட்டு, நாலு வருஷம் கழித்து வந்து புலம்பிய கதையை அவர் சொன்ன மாதிரியே மகன் எழுதினார் பாருங்கள், அது வேறு யாரிடமும் கிடைக்காது.

பெயர் விஷயத்தையும் விடக்கூடாது. நாம் பெங்களூரா என்கிற அதே மாங்காயைச் சிலர் கிளிமூக்கு என்பார்கள், வடக்கே தோதாபுரி, சித்தூர்ப் பக்கம் கலெக்டர். கன்று வாங்க ஆந்திராவிலிருந்தும் ஆள் வரும் ஊரில் ஒரே பெயரை எழுதி வைத்தால் மற்றவர்கள் கண்ணில் படமாட்டோம். அதற்காகப் பத்து வரியில் இருபது தடவை திணிக்கவும் வேண்டாம். 'இங்கே இப்படிச் சொல்வோம், அங்கே அப்படிச் சொல்வார்கள்' என்று இயல்பாக ஒரு வரி போதும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களுக்காக ஆங்கிலத்திலும் ஒரு சின்னப் பக்கம் போட்டோம்.

முகப்பில் ஓடிய ஐந்து போட்டோக்களும் கேமராவில் எடுத்த கனத்திலேயே கிடந்தன. சுருக்கினோம். முக்கியமான பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அது பார்ப்பதும் மொபைலில் தெரியும் பக்கத்தைத்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அழகாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், ஊத்தங்கரை பஸ்ஸில் உட்கார்ந்து திறந்து பாருங்கள்.

கூகுள் மேப்பில் அவர் நர்சரி ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவரின் புளியந்தோப்பில் நின்றிருந்தது. மேப்பில் கடை விவரத்தைக் காட்டும் பிசினஸ் புரொஃபைலில் இடத்தைத் திருத்தி, கேட்டின் போட்டோவும் போன் நம்பரும் நேரமும் போட்டோம். அருகில் தேடுகிறவர்களுக்கு வெப்சைட்டுக்கு முன்னால் இதுதான் கண்ணில் படும். அதுவும் இலவசம். 'கூகுள்லேர்ந்து பேசறோம், பணம் கட்டலன்னா உங்க கடைய மேப்ல எடுத்துடுவோம்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். முதலிடத்துக்கு யாரும் கேரண்டி கொடுக்க முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

"எப்போ வரும் தம்பி?" என்று கிளம்பும்போது கேட்டார். எஸ்.இ.ஓ. வேலையின் பலன் தெரிய நாலு மாசத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. ஒட்டுக் கட்டிய மறுநாளே காய் கேட்கிற ஆள் இல்லை அவர், தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் நர்சரி பெயரைத் தேடினால் வந்தது. ஏக்கர் கணக்குப் பக்கம் முதலில் கூகுள் முடிவுகளில் எங்கோ மூன்றாம் பக்கத்தில் கிடந்தது, தைக்குள் மெதுவாக மேலே ஏறியது. போன மாதம் மகன் போன் பண்ணினார். குப்பத்திலிருந்து ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு 160 கன்று கேட்டாராம். "ஆனா விலை ஏன் போடலன்னு திட்டறாருண்ணா." விலைப் பட்டியலை எழுத்தாக அடித்துத் தருகிறேன் என்று அப்பா சொல்லி ஏழு மாசம் ஆகிறது, இன்னும் படமாகத்தான் இருக்கிறது.