கார்போகரிசி, வெயில், ரெண்டு ஃபோட்டான்

"வெண்புள்ளிக்கு கார்போகரிசிய அரைச்சு பூசிட்டு வெயில்ல நில்லுன்னு சொல்றாங்களே, மருந்து பூசியாச்சுல்ல, அப்புறம் வெயில் எதுக்கு?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். செம கேள்வி. அந்த விதைல சோரலென்னு ஒரு சரக்கு இருக்கு. 1933லயே நம்ம நாட்டு வேதியியல்காரங்க, ஜோயிஸும் அவரோட சேர்ந்தவங்களும், அதை இந்த விதைல இருந்து பிரிச்செடுத்துட்டாங்க. இன்னைக்கு அது தோல் மருந்து மட்டும் இல்ல, ஆர்என்ஏ ஆராய்ச்சி பண்றவங்களோட முக்கியமான கருவி. வெயில் படாம அது ஒரு வேலையும் செய்யாது.

செல்லுக்குள்ள எல்லாமே ஒட்டும், பிரியும், மறுபடி ஒட்டும். செல்ல உடைச்சு வெளிய எடுத்தா யார் யார் பக்கத்துல இருந்தாங்கன்னே தெரியாது. அதனால உடைக்கிறதுக்கு முன்னாடியே பக்கத்து பக்கத்துல இருக்கறதை கோவேலன்ட் பிணைப்பு (லேசுல விடாத வேதிப் பிணைப்பு) போட்டு கட்டிடணும், அப்படி கட்டுற சரக்குக்குத்தான் கிராஸ்லிங்கர்னு பேரு. குளூட்டரால்டிஹைடுக்கு ரெண்டு முனையிலயும் ஆல்டிஹைடுங்கற கொக்கி, அது புரோட்டீனோட லைசின்ங்கற அமினோ அமிலத்துல இருக்கற அமீன, அதாவது நைட்ரஜன் உள்ள பகுதிய, புடிச்சுக்கும். 1963ல இருந்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பார்க்கறதுக்கு செல்ல அப்படியே நிறுத்தி வைக்க அதைத்தான் ஊத்துறாங்க. ஃபார்மால்டிஹைடுல ஒரே ஒரு கார்பன், கை ரொம்ப குட்டை, உரசிக்கிட்டு இருக்கறதைத்தான் கட்டும். ஆனா 65 டிகிரில ராத்திரி முழுக்க வெச்சா கட்டு அவிழ்ந்துடும், அதனால டிஎன்ஏல எந்த புரோட்டீன் எங்க உட்கார்ந்திருக்குன்னு கண்டுபுடிக்க தோதா இருக்கு.

ஆனா டிஎன்ஏவோட ஒரு இழைய இன்னொரு இழையோட கட்டணும்னா இதெல்லாம் அவ்வளவா உதவாது, ஏன்னா பேஸ்கள்ல (டிஎன்ஏவோட எழுத்துகளான அடினின், தைமின் மாதிரி) இருக்கற அமீன்கள் ஜோடி சேர்ற ஹைட்ரஜன் பிணைப்புல மாட்டிக்கிட்டு இருக்கும். இங்கதான் சோரலென் வருது.

சோரலென் மூணு வளையம் ஒட்டின தட்டையான மூலக்கூறு, ஒரு ஓரத்துல ஃபியூரான்ங்கற வளையம், இன்னொரு ஓரத்துல பைரோன்ங்கற வளையம். அடுக்கி வெச்ச இட்லி தட்டுகளுக்கு நடுவுல அப்பளத்தை சொருகுற மாதிரி பேஸ் ஜோடிகளுக்கு நடுவுல போய் உட்கார்ந்துக்கும். இருட்டுல அவ்வளவுதான், உட்காரும், எழுந்து போகும், ஒண்ணும் ஆகாது. யூவி-ஏ ஒளி பட்டா, அதாவது 320ல இருந்து 400 நானோமீட்டர் வரைக்கும் இருக்கற, வெயில்ல தாராளமா வர்ற அந்த ஒளி பட்டா, ஒரு ஃபோட்டான விழுங்கி பக்கத்துல இருக்கற தைமினோட இரட்டைப் பிணைப்ப புடிச்சு நாலு கார்பன் வளையம் ஒண்ணு போட்டுடும். ஆர்என்ஏன்னா தைமினுக்கு பதிலா யுராசில். இது பாதி வேலைதான், ஒரு இழைல மட்டும் ஒட்டியிருக்கு.

எனக்கு ரொம்ப புடிச்ச இடம் இதுக்கப்புறம்தான். பைரோன் பக்கமா ஒட்டிக்கிச்சுன்னா அந்த மூலக்கூறால இனிமே யூவி-ஏவ விழுங்கவே முடியாது, ஆட்டம் க்ளோஸ். ஃபியூரான் பக்கமா ஒட்டியிருந்தா பைரோன் பக்கம் அப்படியே மிச்சம் இருக்கு, அது இன்னொரு ஃபோட்டான விழுங்கும், எதிர் இழைல இருக்கற தைமினையும் புடிச்சுக்கும், முடிச்சு விழுந்துடுச்சு! எதிர்ல தைமின் எங்க இருந்து வந்துச்சுன்னா, ஒரு இழைல தைமின், அதுக்கடுத்து அடினின்னு இருக்கற இடமா பார்த்து சோரலென் நடுவுல உட்கார்ந்திருக்கணும். அடினினுக்கு எதிர்ல எப்பவும் தைமின்தானே, அதனால குறுக்குவாட்டுல ரெண்டு தைமின் இதுக்கு மேலயும் கீழயும் ரெடியா நிக்கும். இந்த ரெண்டு படிய தனித்தனியா பிரிச்சும் காட்டியிருக்காங்க, 1977ல அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல ஹெர்ஸ்ட்ங்கறவரோட குழு செஞ்ச சோதனைல, நானோசெகண்ட் லேசர் துடிப்பு ஒண்ணு அடிச்சா ஒரு பக்க ஒட்டல் மட்டும், ரெண்டாவது துடிப்பு அடிச்சாத்தான் முடிச்சு. ஒரு விதைல இருந்து வந்த மூலக்கூறுக்கு இவ்வளவு நுணுக்கம் எதுக்குய்யா!

இன்னொரு வசதி, 254 நானோமீட்டர் ஒளிய அடிச்சா முடிச்சு அவிழ்ந்துடும். அதனால உயிரோட இருக்கற செல்லுலயே (சோரலென் செல் சவ்வ சுளுவா தாண்டிடும்) ஆர்என்ஏ எங்க எங்க மடிஞ்சு தன்னோடயே ஜோடி சேர்ந்திருக்குன்னு கட்டி, வெளிய எடுத்து துண்டாக்கி, கட்டுண்ட துண்டுகள முனையோட முனை ஒட்டி, அப்புறம் முடிச்ச அவிழ்த்துட்டு சீக்வென்ஸ் பண்ணலாம், அதாவது எழுத்து வரிசைய படிக்கலாம். 2020ல சார்ஸ்-கோவ்-2ங்கற கொரோனா வைரஸோட ஆர்என்ஏ ஜீனோம் செல்லுக்குள்ள எப்படி மடிஞ்சிருக்கு, எவ்வளவு தூரத்துல இருக்கற பகுதிகள் கூட ஒண்ணோட ஒண்ணு சேருதுன்னு பார்த்தது இந்த மாதிரிதான்.

தம்பியோட கேள்விக்கு வர்றேன். வெயில்ல இருக்கற யூவி-ஏ பட்டாத்தான் சோரலென் வேலை செய்யும், அதுக்குத்தான் வெயில். டாக்டர்கள் குடுக்கற பூவா (PUVA) சிகிச்சைங்கறது சோரலென் ப்ளஸ் அளந்து குடுக்கற யூவி-ஏ, இப்ப பல இடத்துல அதுக்கு பதிலா 311 நானோமீட்டர் யூவி-பிய நேரடியா குடுக்கறாங்க. அளக்காம நீங்களே அரைச்சு பூசிட்டு உச்சி வெயில்ல நின்னா தோல் கொப்புளிச்சுடும், எலுமிச்சை சாறு பட்ட கையோட வெயில்ல நின்னாலே சிலருக்கு கொப்புளம் வர்றது இதே குடும்பத்து சரக்காலதான். பூவாவ ரொம்ப காலம் எடுத்துக்கிட்டவங்களுக்கு தோல் புற்றுநோய் ஆபத்து கூடுதுன்னும் தெரியும். மூலிகைதானே ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றவங்க டிஎன்ஏவுல முடிச்சு போடுற மூலிகைய பத்தித்தான் பேசறோம்ங்கறத மறந்துடறாங்க. அப்புறம் மீனும் பாலும் சேர்த்து சாப்பிட்டதால வெண்புள்ளி வந்துச்சுங்கறதும், தொட்டா ஒட்டும்ங்கறதும் சுத்தப் பொய், அது நம்ம நோய் எதிர்ப்பு சக்தி நம்ம நிறமி செல்களையே தாக்கறதால வர்றது. அந்தப் பேச்ச கேட்டு கல்யாணத்தை நிறுத்தறவங்கள பார்த்தா எனக்கு பத்திக்கிட்டு வரும்.

ஃபண்டிங் குடுக்கற இடத்துல "இதால எந்த வியாதி குணமாகும்?"னுதான் முதல்ல கேட்கறாங்க. 1977ல லேசர் அடிச்சவங்ககிட்ட அப்படி கேட்டிருந்தா என்ன பதில் சொல்லியிருப்பாங்க? ஆனா அமோட்டோசலென்னு ஒரு சோரலென் வகைய இப்ப ரத்த வங்கிகள்ல தானமா வந்த பிளேட்லெட் பைல கலந்து யூவி-ஏ அடிக்கறாங்க, வைரஸ், பாக்டீரியாவோட டிஎன்ஏ ஆர்என்ஏல முடிச்சு விழுந்து அதால பெருக முடியாம போயிடும், பிளேட்லெட்டுக்கு நியூக்ளியஸே கிடையாது, அதனால அது பாட்டுக்கு தன் வேலைய பார்க்கும். அந்த அமோட்டோசலென் தண்ணில நல்லா கரையறதால ஆர்என்ஏ ஆளுங்க இப்ப அதையே ரத்த வங்கிகிட்ட இருந்து கடன் வாங்கி தங்களோட சோதனைக்கு போடறாங்க.