மேட்டில் இழுக்காத காரும் ஒரு துண்டு ஜிர்கோனியாவும்

"சமதளத்தில் கார் நன்றாகத்தான் ஓடுகிறது. மேடு வந்தால் மட்டும் இழுக்க மாட்டேன் என்கிறது. பிளக் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. அடுத்து எதை மாற்றுவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள், அளந்து பாருங்கள் என்பேன். பெட்ரோல் கார் என்றால், அளக்கும் கருவி வண்டிக்குள்ளேயே இருக்கிறது.

மேட்டில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை? 1,200 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் போக 4 கிலோவாட் அளவுக்குச் சக்தி போதும். 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில் அதே வேகத்தில் ஏற, கூடுதலாக 12 கிலோவாட் வேண்டும். ஏறத்தாழ நான்கு மடங்கு சக்தி, எனவே பெட்ரோலும் காற்றும் மிக அதிகமாக வேண்டும். பாதி அடைத்த ஃபில்டர் சமதளத்தில் குறையைக் காட்டாது, மேட்டில்தான் மாட்டிக்கொள்ளும்.

சிலவற்றை உடனே கழித்துவிடலாம். இன்ஜின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. வண்டி குலுங்கிக் குலுங்கி ஏறினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள். 2,000 மீட்டர் உயரத்துக்குப் போயிருந்தால் அங்கே காற்றே ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத வண்டி அந்த அளவுக்குத் தளர்வது இயல்பு, பழுதில்லை.

இவை எதுவும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: பெட்ரோல் போதவில்லையா, காற்று போதவில்லையா? அதற்கான பதில் புகைக்குழாயில் செருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சாரிடம் இருக்கிறது. காரில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அதுதான்.

அதன் உள்ளே இருப்பது ஜிர்கோனியா என்னும் பீங்கான். ஜிர்கோனியம் ஆக்சைடில் கொஞ்சம் யிட்ரியம் கலந்தால், இரண்டு யிட்ரியம் அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடம் காலியாகிறது. 300 டிகிரிக்கு மேல் சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் அந்தக் காலி இடங்களில் தாவித் தாவி நகர்கின்றன. கெட்டியான பீங்கானுக்குள் ஆக்சிஜன் நடமாடுகிறது! பீங்கானின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கிறது. புகைப் பக்கத்து ஆக்சிஜன் பத்தில் ஒரு பங்காகக் குறையும் ஒவ்வொரு தடவையும், 700 டிகிரியில் சுமார் 0.05 வோல்ட் கூடுகிறது.

பெட்ரோல் குறைவாக எரியும்போது புகையில் ஓரிரு சதவீத ஆக்சிஜன் மிஞ்சுகிறது, சென்சார் 0.1 வோல்ட் போலக் காட்டும். பெட்ரோல் கூடுதலானால், மிஞ்சிய ஆக்சிஜனையும் சென்சாரின் மேல் பூசிய பிளாட்டினம் கார்பன் மோனாக்சைடோடு சேர்த்து எரித்துவிடுகிறது. அப்போது மின்னழுத்தம் 0.9 வோல்ட்டுக்குத் தாவுகிறது. கணக்குப் போட்டால், அங்கே ஆக்சிஜன் வெளிக்காற்றில் இருப்பதை விடப் பதினெட்டு முறை பத்தால் வகுத்த அளவு! இத்தனை நுண்மையான ஒன்றைப் புகையும் அதிர்வும் நிறைந்த குழாய்க்குள் ஒரு பீங்கான் துண்டு அளந்து சொல்கிறது.

இந்த மின்னழுத்தத்துக்கான சமன்பாட்டை ஜெர்மன் வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இல் எழுதினார். சூடான ஜிர்கோனியா மின்சாரம் கடத்துவதை அவர் கவனித்தது சில ஆண்டுகள் கழித்து, விளக்கு செய்யும் முயற்சியில். டங்ஸ்டன் இழை வந்ததும் அந்த விளக்கு மறைந்தது. பீங்கான் மட்டும் 1976இல் பாஷ் நிறுவனத்தின் சென்சாராக வோல்வோ கார்களில் ஏறியது. 'இதனால் உடனடிப் பயன் என்ன?' என்று கேட்டு ஆராய்ச்சிக்கு நிதி மறுப்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, வண்டிக்கு வருவோம். கார் கம்ப்யூட்டரில் இருக்கும் அளவுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருகி, பக்கத்தில் இருப்பவர் பார்க்க, மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். முன் ஆக்சிஜன் சென்சார் (புகையைச் சுத்தமாக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது) 0.8, 0.9 வோல்ட்டில் நிற்க வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் வோல்ட்டுக்குப் பதில் லாம்டா எண் வரும்; காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்தால் அது 1, பெட்ரோல் கூடினால் 1க்குக் கீழே. மேட்டில் அது 1க்குக் கீழே இருக்க வேண்டும். வோல்ட் 0.2க்கு இறங்கினாலோ லாம்டா 1ஐத் தாண்டினாலோ பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் அழுத்தத்தை அளவியால் பாருங்கள். மேட்டில் அழுத்தம் விழுந்தால் ஃபில்டர் அல்லது பம்ப். விழவில்லை என்றால், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்து, காற்றைக் குறைத்துச் சொல்கிறதா என்று பாருங்கள். அதற்கென உள்ள ஸ்பிரேயால் கழுவினாலே பல நேரம் சரியாகிவிடும்.

பெட்ரோல் கலவை சரி, இழுவைதான் இல்லை என்றால் கேடலிடிக் கன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள். புகை வெளியேற வழியில்லாதபோது புதுக்காற்றும் உள்ளே வராது. வந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைக் கம்ப்யூட்டர் கொடுத்துவிடுவதால் எண்கள் ஒழுங்காகவே தெரியும். இன்ஜின் ஆறிய பிறகு முன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்த அளவியை மாட்டுங்கள். நிமிடத்துக்கு 2,500 சுற்றில் இன்ஜின் ஓடும்போது 20 கிலோபாஸ்கலைத் தாண்டினால் அடைப்பு உறுதி. கன்வெர்ட்டர் உருகி அடைக்கப் பழைய மிஸ்ஃபயர் காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் உருகும்.

பழுது நீங்கிய பிறகும் கம்ப்யூட்டர் பழைய பற்றாக்குறைக்காகச் சேர்த்துக் கொடுத்த பெட்ரோலை நினைவில் வைத்திருக்கும். ஸ்கேனரால் அந்தத் திருத்தத்தை அழித்துவிட்டு, அதே மேட்டில், அதே கியரில் ஏற்றி வோல்ட்டை மறுபடி பாருங்கள்.