நீர் புகாத பூட்ஸ் வாங்கினால் மட்டும் போதுமா?

சென்ற ஆவணியில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வலது முழங்கால் வலிக்காக என்னிடம் வந்தார். உத்தராகண்டில் மலர்ப் பள்ளத்தாக்குக்கும், பிறகு ஹேம்குண்ட் சாகிபுக்கும் நடந்துவிட்டுத் திரும்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போதுதான் மூட்டுக்குள் குத்தியது என்றார். முழங்காலைத் தொடுவதற்கு முன் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பது இயன்முறை மருத்துவத்தில் பாலபாடம் ஆகையால், காலணியைக் கழற்றச் சொன்னேன். இரண்டு பெருவிரல் நகங்களும் நாவல்பழ நிறத்தில் கறுத்திருந்தன. அதை அவர் ஒரு குறையாகவே சொல்லவில்லை. கேட்டதற்கு, "மலைக்குப் போனா எல்லாருக்கும் வர்றதுதானே சார்" என்றார்.

மறுநாள் அந்த பூட்ஸைக் கொண்டுவரச் சொன்னேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய, நல்ல தரமான, நீர் புகாத பூட்ஸ். உள்ளே இருந்த இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் வெறுங்காலோடு நிற்கச் சொன்னேன். சுண்டுவிரல் பாதிக்குமேல் இன்சோலுக்கு வெளியே தரையில் இருந்தது. பெருவிரலின் நுனி முன் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஹேம்குண்டிலிருந்து, கீழே தங்கும் ஊரான காங்கரியாவுக்கு ஆறு கிலோமீட்டர் தொலைவுக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் விரல் முன்சுவரில் மோதியிருக்கிறது. அந்த வலியைத் தவிர்க்க அவர் தம்மையறியாமலே உடலைப் பின்னால் சாய்த்து, முழங்காலை விறைப்பாக நீட்டி, குதிகாலைக் குத்திக் குத்தி இறங்கியிருக்கிறார். பாதம் தாங்க வேண்டியதை முழங்கால் தாங்கியிருக்கிறது. கடையில் என்ன கேட்டு வாங்கினீர்கள் என்றேன். "வாட்டர்ப்ரூஃபான்னு கேட்டேன், ஆமான்னாங்க" என்றார்.

பெரும்பாலோர் கேட்கும் ஒரே கேள்வி அதுதான். நெடுநடைக்கான பூட்ஸில் முதலில் பார்க்க வேண்டியது அது பாதத்தின் வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்பதே. தண்ணீர் புகாமை அதற்கு அடுத்தபடிதான். அதுவும் நாம் நடக்கப்போகும் இடத்தைப் பொறுத்து நன்மையாகவும் அமையலாம், தொல்லையாகவும் முடியலாம்.

நாம் வழக்கமாகச் சொல்லும் '8-ஆம் நம்பர்' என்பது பிரிட்டிஷ் அளவு. அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் வேறுபாடு. பெட்டியில் 42, 43 என்று அச்சிட்டிருக்கும் ஐரோப்பிய அளவில் அந்த வேறுபாடு 6.7 மில்லிமீட்டர்தான். இரண்டும் நீளத்தை மட்டுமே சொல்கின்றன; அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது அகலத்தில்தான். சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாண முறையில் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியப் பாதங்கள் அகலமானவை என்று அதில் தெரியவந்தது. அதை வைத்து 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. சிறு வயதில் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவர்களுக்கு விரல்கள் விரிந்து பாதத்தின் முன்பகுதி இன்னும் அகலமாக இருப்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன். அது குறையே இல்லை. நடப்பதற்கு அதைவிட நல்ல பாதம் கிடையாது. வேறொருவர் பாதத்துக்காகச் செய்த அச்சில் அதைத் திணிக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அகலம் போதவில்லை என்றால் பலரும் ஒரு நம்பர் கூட்டி வாங்குகிறார்கள். அப்போது விரல்களுக்கு இடம் கிடைக்கும். ஆனால் குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலெழும்பும், மாலைக்குள் பின்பக்கம் கொப்புளித்துவிடும். அதே நம்பரில் 'வைடு' என்று குறிப்பிட்ட அகல அச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்குவதே சரி. சில நிறுவனங்கள் அகல அச்சு செய்கின்றன, சில செய்வதே இல்லை. செய்யாத நிறுவனத்தின் பூட்ஸ் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் அது உங்களுக்கானதன்று.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். நாள் முழுதும் நின்று நடந்த பாதம் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். மலையில் இன்னும் கூடுதலாக வீங்கும். நடைக்கு அணியப்போகும் அதே தடித்த சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். முதலில் இன்சோலை உருவி, அதன்மேல் நின்று பாருங்கள். அந்த ஒரு சோதனையிலேயே கடையில் உள்ள பாதி ஜோடிகள் கழிந்துவிடும். பிறகு லேஸ் கட்டாமல் காலை நுழைத்து, விரல்கள் முன்னால் லேசாக முட்டும்வரை தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அடுத்து லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியில் இறங்குங்கள். ஏறிப் பார்ப்பவர்கள் உண்டு, இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. இறங்கும்போது விரல் நுனி எதையும் தொடக் கூடாது, ஏறும்போது குதிகால் எழும்பக் கூடாது. குறைந்தது இருபது நிமிடம் கடைக்குள்ளேயே உலாவுங்கள், கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச வேண்டாம். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று மாலை அணிந்து பாருங்கள்.

"போடப் போட லூஸாயிடும்" என்பார்கள் கடையில். தோல் பூட்ஸ் அகலவாக்கில் சிறிது இளகும் என்பது உண்மை. நீளவாக்கில் எதுவும் இளகாது. முன்முனையில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் அங்கே கொஞ்சமும் நெகிழாது. கடையிலேயே எங்காவது அழுத்தினால், அந்த இடம் மலையில் மூன்றாம் நாள் புண்ணாகும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனித் தண்ணீர் விஷயம். 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், சூடாக்கிய டெஃப்லான் வகைப் பொருளை மெல்ல இழுத்துப் பார்த்துச் சலித்து, வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தபோது அது அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த படலமானது. நீர் புகாத பூட்ஸுக்குள் வைக்கும் கோர்-டெக்ஸ் படலம் பிறந்த கதை அதுதான். அந்தத் துளைகள் நீர்த்துளியைவிட ஏறத்தாழ 20,000 மடங்கு சிறியவை, நீராவி மூலக்கூறைவிட ஏறத்தாழ 700 மடங்கு பெரியவை என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஆகவே வெளியே உள்ள மழைநீர் உள்ளே வராது, உள்ளே உள்ள வியர்வை ஆவியாகி வெளியேறிவிடும். இந்த விளக்கம் சரியானதே. ஆனால் விளம்பரங்களில் ஒரு பாதியை விழுங்கிவிடுகிறார்கள். துளை இருப்பதாலேயே ஆவி வெளியேறிவிடாது. உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுந்து, வெளியே குளிர்ந்து உலர்ந்திருந்தால்தான் அது வெளியே தள்ளப்படும். அக்டோபர் மாத இமயமலையில் அந்த நிலை உண்டு. ஆடி மாத வால்பாறையில் வெளிக்காற்றே ஈரத்தைத் தாங்க முடியாமல் சொட்டிக்கொண்டிருக்கும்போது, காலுக்குள் இருக்கும் ஆவி எங்கே போகும்? அது சாக்ஸிலேயே தங்கிவிடும். மாலையில் கழற்றிப் பார்த்து, பூட்ஸ் ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பலருடைய பூட்ஸ் ஒழுகுவதே இல்லை. அது அவர்களுடைய சொந்த வியர்வை.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். எந்த பூட்ஸுக்கும் மேலே ஒரு பெரிய வாய் இருக்கிறது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடும் ஓடையை ஒருமுறை கடந்தால், அந்த வாய் வழியாக உள்ளே போன தண்ணீரை அதே படலம் வெளியே விடாமல் வாளிபோலத் தேக்கிவைத்துக்கொள்ளும். வலைத்துணியால் ஆன சாதாரண நடைக் காலணி பத்தே அடியில் முழுக்க நனைந்துவிடும். ஆனால் பாறைமேல் அரை மணி நேரம் நடந்தால் அடிக்கு அடி தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். படலமிட்ட பூட்ஸ் ஒருமுறை உள்ளே நனைந்தால் மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது. ஆகவே பனி, குளிர், சேறு, காலைப் பனித்துளி படர்ந்த புல்வெளி ஆகியவை நிறைந்த பாதைக்கு நீர் புகாத பூட்ஸை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அங்கே நனைந்த பாதம் விறைத்துப்போகும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழைக் காலத்து நடைக்கும், இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களின் ஊடே 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் பீகோ பாதையில் மழை மாதங்களில் நடப்பதற்கும், விரைவில் வடிந்து காயும் காலணியும் அட்டைக்கடிக்குத் தப்ப முழங்கால்வரை வரும் அட்டை சாக்ஸும் போதும் என்பது என் கருத்து. இதை ஏற்காத நண்பர்கள் எனக்கு உண்டு.

ஈரத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் கொப்புளம். தோலின் மேற்பரப்பு உரசித் தேய்வதால் கொப்புளம் வருவதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தோல் சாக்ஸோடு ஒட்டி நின்றுவிடுகிறது, உள்ளே எலும்பு முன்னும் பின்னுமாக அசைகிறது. இடையில் உள்ள அடுக்குகள் இழுபட்டுக் கிழிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. ஈரமான தோல் உலர்ந்த தோலைவிடப் பிடிப்பாக ஒட்டுவதால்தான் நனைந்த காலில் கொப்புளம் எளிதில் வருகிறது. பருத்தி சாக்ஸ் ஈரத்தை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும் என்பதால், கம்பளி கலந்த சாக்ஸ் மூன்று ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டை மாற்றி மாற்றி நடைக்கு அணியலாம். மூன்றாவதை இரவு உறங்குவதற்கு மட்டும் ஒதுக்கி, எக்காரணம் கொண்டும் நனையவிடாதீர்கள். நடையில் ஓரிடம் சூடாக உணர்ந்தால் அடுத்த ஓய்விடம் வரட்டும் என்று தள்ளிப்போடாமல் அங்கேயே உட்கார்ந்து, துடைத்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். கூட்டத்தோடு போகும்போது எல்லோரையும் நிறுத்தக் கூச்சப்பட்டு நடந்தவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சூடு தெரியாமலே போகலாம். நரம்பின் உணர்வு குறைந்த பாதத்தில் கொப்புளம் உடைந்து புண்ணான பிறகும் வலி இருக்காது. ஐம்பதைத் தாண்டி மலையேறத் தொடங்குகிறவர்கள் நம் ஊரில் இப்போது நிறையப் பேர். அவர்களில் பலருக்குச் சர்க்கரை உண்டு. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாவது பாத உணர்வுச் சோதனை செய்துகொள்ளுங்கள். நடையின்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாக்ஸைக் கழற்றி, கண்ணால் பாதத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

எடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலில் கூடும் ஒவ்வொரு கிராமும் முதுகில் சுமக்கும் ஏறத்தாழ ஐந்தாறு கிராமுக்குச் சமமான உழைப்பைக் கேட்கிறது. கணுக்கால் மறைக்கும் கனத்த பூட்ஸ் எல்லோருக்கும் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் சுமப்பவர்களுக்கும், முன்பு கணுக்கால் பிசகியவர்களுக்கும், பனியில் நடப்பவர்களுக்கும் அது உதவும். மற்றவர்களுக்குத் தாழ்ந்த காலணியும், ஒரு மாதம் ஒற்றைக்காலில் நின்று செய்யும் சமநிலைப் பயிற்சியும் அதைவிடப் பயன் தரும்.

பூட்ஸின் அடிப்பாகமான சோலைப் பற்றி என் கதை ஒன்று உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன் வாங்கி, மூன்றே முறை அணிந்து, துடைத்து, பெட்டியிலேயே பத்திரமாகப் பரணில் வைத்திருந்த பூட்ஸை எடுத்துக்கொண்டு கொடைக்கானல் பக்கம் நடக்கப் போனேன். இரண்டாம் நாள் காலையில், இடது சோல் முன்பக்கம் வாயைப் பிளந்தது. மதியத்துக்குள் வலதும் பிளந்தது. பிளவுக்குள் விரலை விட்டால் நடுச்சோல் பழைய ரொட்டிபோல உதிர்ந்தது. பூட்ஸின் நடுச்சோலில் பாலியூரித்தேன் இருந்தால், காற்றின் ஈரம்பட்டு அது தானாகவே சிதைந்துவரும். அணியாமல் வைத்திருப்பதால் அது தப்பிவிடாது. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். மீதி நாலு மணி நேரத்தை, சோலைக் கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டு, குதிரைக்கு லாடம் கட்டியதுபோல் நடந்து முடித்தேன். ஐந்து ஆண்டு தாண்டிய பூட்ஸாக இருந்தால், புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன் சுமையோடு பத்து கிலோமீட்டர் நடந்து, நடுச்சோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நனைந்த பூட்ஸை நெருப்பருகே காயவைக்கவே கூடாது; ஒட்டுப்பசை இளகிவிடும். இன்சோலை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, தாள் நனைய நனைய மாற்றுவதுதான் பாதுகாப்பான வழி.

கறுத்த நகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நகத்துக்கடியில் இரத்தம் கட்டி விண்விண்ணென்று தெறித்தால், அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போனால் அதை வடித்து வலியைக் குறைப்பார். ஊசியைக் காய்ச்சி நீங்களே குத்த வேண்டாம். பெருவிரல் நகம் முழுதாக வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை ஆகும். அந்த முழங்கால்காரருக்கு ஆறு வாரப் பயிற்சியில் மூட்டு சரியாகிவிட்டது. தை மாதம் மீண்டும் வந்தார், பாதி வளர்ந்த நகத்தோடும் இரண்டு அட்டைப்பெட்டிகளோடும். இரண்டிலிருந்தும் இன்சோலை உருவி என் அறைத் தரையில் போட்டு, ஒவ்வொன்றின்மேலும் ஏறி நின்றார். ஒன்றில் விரல்கள் ஐந்தும் விளிம்புக்குள் அடங்கின. அது படலமில்லாத, விலை குறைந்த ஜோடி. மற்றதைத் திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள் கெடு இருக்கிறது என்று சொல்லி, பெட்டியை மறுபடியும் ஒட்டத் தொடங்கினார்.