“தொடவே இல்ல சார், புதுசு மாதிரி இருக்கு!”

போன வாரம் ஒரு யேசூ எஃப்டி-101இ என்னிடம் ரிப்பேருக்கு வந்தது. ஹாம்கள், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள், பயன்படுத்தும் பழைய செட். கொண்டுவந்த பையன் லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. அவனுடைய பெரியப்பா சைலண்ட் கீ ஆகிப் பதினான்கு வருடம் (காலமான ஹாமை எங்கள் வட்டாரத்தில் அப்படித்தான் சொல்வோம்). செட் அன்றிலிருந்து பீரோவில் பழைய வேட்டி சுற்றி, பாச்சை உருண்டை துணையோடு இருந்திருக்கிறது. முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. “தொடவே இல்ல சார், புதுசு மாதிரி இருக்கு” என்றான். மூடியைக் கழற்றினேன். கெட்டுப்போன மீன் வாடை குப்பென்று வந்தது.

வாடையிலேயே பாதிக் கதை தெரிந்துவிட்டது. மீதியை அவனே சொன்னான். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டிருக்கிறான். டயல் விளக்கு எரிந்திருக்கிறது, ஸ்பீக்கரில் கொர்ரென்று ஒரு சத்தம், அரை நிமிடத்தில் ‘டப்’. ஃபியூஸ் போயிற்று. வேறு போட்டான், அதுவும் போயிற்று. மூன்றாவது முறை ஒயரில் இருந்து நாலு இழை செம்புக் கம்பியை உருவி ஃபியூஸ் மேல் சுற்றியிருக்கிறான். அப்புறம் ஃபியூஸ் போகவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் போயிற்று.

இந்த மாதத்தில் இது மூன்றாவது செட். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஓடாமல் இருந்த ரிக் (ரேடியோ செட்) பத்திரமாக இருக்கும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? உண்மை நேர் எதிர். தினமும் ஓடிய செட்டை நான் பயமில்லாமல் ஆன் செய்வேன். பீரோவில் தூங்கிய செட்டைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். காரணம் டிசி வோல்டேஜைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள். இவை எலக்ட்ரோலிட்டிக் வகை. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் அலுமினியத் தகடு இருக்கிறது. அதன் மேல் படிந்த மெல்லிய ஆக்ஸைடு படலம்தான் இன்சுலேஷன். அந்தப் படலத்தைக் காப்பாற்றுவது அதன் மேல் நிற்கும் வோல்டேஜ். வருடக்கணக்கில் வோல்டேஜே கிடைக்காவிட்டால் படலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். போதாதற்கு உள்ளே இருக்கும் ஈரமும் காய்ந்துபோகும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, டப்பா பளபளவென்றுதான் இருக்கும். இந்த நிலையில் திடீரென்று முழு வோல்டேஜ் ஏறினால் கண்டென்சர் கரண்ட்டைக் கசியவிடும், சூடாகும், ஆவி கட்டும், வெடிக்கும். அந்த மீன் வாடை இதனால்தான்.

ஒரு வருடம் ஓடாத கிணற்று மோட்டாரை நேராக சுவிட்ச் போடுவீர்களா? கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க மாட்டீர்களா? எஃப்டி-101 1970-களின் செட். அதற்கு அந்த மரியாதைகூடக் கிடையாதா?

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. எந்த டிவி மெக்கானிக்கிடமும் ஒரு சீரிஸ் போர்டு (செட்டுக்குப் போகும் கரண்ட்டை ஒரு பல்பு வழியாக விடும் பலகை) இருக்கும். 100 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் முதல் கரண்ட் போக வேண்டும். எல்இடி பல்பு உதவாது. குண்டு பல்பு இப்போது தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது, கிடைக்கும்போது நாலு வாங்கி வையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. வால்வு ஹீட்டர் இழுப்பதால் கொஞ்சம் மினுக்கும், அது பரவாயில்லை. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். அதில் தேறினால் டிம்மர்ஸ்டாட் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்). 60, 70 வோல்ட்டில் ஆரம்பித்து, பாதி நாள் எடுத்து, படிப்படியாக 230-க்குக் கொண்டுபோக வேண்டும். டிம்மர்ஸ்டாட் வோல்டேஜைக் குறைக்குமே தவிர மெயினிலிருந்து உங்களைப் பிரிக்காது. எப்படியும் அந்த வயது கண்டென்சர்களை மாற்றத்தான் வேண்டும். அதே மைக்ரோஃபாரட், வோல்ட் கொஞ்சம் கூடுதல், 105 டிகிரி வகை. பழைய செட்டிலிருந்து பிடுங்கியதைத் தயவுசெய்து போடாதீர்கள்.

ஃபியூஸ் விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. பையனின் செட் மூடிக்கு உள்பக்கம் பெரியப்பா பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: “டேப் 234, ஃபியூஸ் 3 ஆம்ப் மட்டும்”. இந்த செட்டின் டிரான்ஸ்ஃபார்மரில் 100, 110, 117, 200, 220, 234 என்று டேப்புகள் (லைன் வோல்டேஜுக்கு ஏற்ப மாற்றும் இணைப்புகள்) உண்டு. ராத்திரியில் நம் லைன் வோல்டேஜ் ஏறுவதைப் பார்த்து 234-இல் மாற்றியிருக்கிறார். விவரமானவர். அமெரிக்காவிலிருந்து சூட்கேஸில் வந்த செட் என்றால் 117-இல் இருக்கும். அதைப் பார்க்காமல் நம் ஊர் பிளக்கில் சொருகினால் சீரிஸ் போர்டு இருந்தால்தான் பிழைக்கும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. இந்த செட்டில் ஃபைனல் ட்யூப் (சிக்னலைக் கடைசியாகப் பெரிதாக்கும் வால்வு) பிளேட்டில் சுமார் 600 வோல்ட் டிசி. பிளக்கைக் கழற்றினாலும் அது கண்டென்சரில் நிற்கும். அதை வடிப்பதற்கென்றே ப்ளீடர் ரெசிஸ்டர் இருக்கிறது. ஆனால் அதற்கும் வயதாகிவிட்டது, ஓபன் ஆகியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பார்ப்பது வீரம் இல்லை. நீளமான பிளாஸ்டிக் பிடியில் 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் கட்டி, சேசிஸுக்கு வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டில் இருக்கட்டும். தனியாக இருக்கும்போது திறக்காதீர்கள்.

ஃபைனல்கள் 6ஜேஎஸ்6சி. டிவிக்காகச் செய்த ட்யூப், இப்போது யாரும் தயாரிப்பதில்லை. டிரைவரிலிருந்து (அதற்கு முந்தைய வால்வு) அவற்றின் கிரிட்டுக்கு, அதாவது கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் முனைக்கு, போகும் கப்ளிங் கண்டென்சர் லீக் ஆனால் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறி, பிளேட் செக்கச்செவேல் என்று சிவந்து, ஜோடியே போய்விடும். ஐந்து, பத்து ரூபாய் சாமான். சந்தேகமே படாமல் மாற்றிவிடுங்கள், ஆயிரக்கணக்கில் மிச்சம். ட்யூப் மாற்றினால் நியூட்ரலைசேஷன் (ட்யூப் தானாக ஆஸிலேட் ஆகாமல் சரிசெய்வது) செய்யாமல் விடக் கூடாது. டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) இல்லாமல் ட்யூன் செய்யாதீர்கள், பத்து விநாடிக்கு மேல் கீயை அழுத்திப் பிடிக்காதீர்கள். தானாக ட்யூன் ஆகும் செட்டில் பழகியவர்கள் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு மீட்டரை ரசிக்கிறார்கள்.

பேண்ட் ஸ்விட்ச் கரகரத்தால் பூட்டுக்கு அடிக்கும் துரு ஸ்ப்ரேயை அடிக்க வேண்டாம். காண்டாக்ட் கிளீனர் தனியாக விற்கிறது, அதையும் துளிதான் விட வேண்டும். ரிலே முனைகளை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், கிளீனரில் நனைத்த விசிட்டிங் கார்டு போதும். ஐஎஃப் காயில் கோரை (ரிசீவர் சுருளுக்குள் இருக்கும் திருகு) திருகினால் சத்தம் கூடும் என்று யாராவது சொன்னால் அவர் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கி வைத்துவிடுங்கள். 80-களின் ஐகாம் ஐசி-751, 745 வைத்திருப்பவர்கள் உள்ளே இருக்கும் லித்தியம் செல்லைக் கவனியுங்கள். அது செத்தால் ராம் போர்டில் இருக்கும் புரோகிராமே அழிந்து செட் ஊமையாகிவிடும்.

அப்புறம், பல்லி முட்டை. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் செட்டில் பாதிக்குப் பாதி பார்க்கிறேன். பவர் கொடுப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள்.

சைலண்ட் கீ ஆனவர்களின் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். வாங்க வருபவர் “ஒருதடவை போட்டுக் காட்டுங்க” என்பார். மாட்டேன் என்று சொல்லுங்கள். “ஓடுகிறதா என்று தெரியாது” என்று சொல்லி விற்றால் கொஞ்சம் விலை குறையும், அவ்வளவுதான். உள்ளூர் ஹாம் கிளப்பில் யாரிடமாவது சொன்னால் சீரிஸ் போர்டோடு வீட்டுக்கே வருவார்கள். நானும் வருவேன், டீ போதும்.

பையனின் டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்குக்குப் போயிருக்கிறது. எரிந்த கம்பியைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வாரம் ஆகுமாம்.