பழுதுபார்ப்பவரா, பேணுநரா?

மதுரையில் பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நேரத்தில் நாளிதழ்களோடு விமானத் துறைப் படிப்புகளின் துண்டறிக்கைகளும் வீடு வந்து சேர்கின்றன. ஏர்கிராஃப்ட் மெக்கானிக் என்பதற்கு அவற்றில் ஆண்டு தவறாமல் ஒரே தமிழ்தான்: ‘விமானப் பழுதுபார்ப்பவர்’. இது தவறான சொல்.

மெக்கானிக் என்பதன் வேர் கிரேக்கம். பொறி, கருவி என்று பொருள்படும் சொல் இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பழுது என்ற கருத்தே அதில் இல்லை. 1903இல் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு இன்ஜின் செய்து கொடுத்த சார்லி டெய்லர் அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக்தான்.

கெட்டுப்போன பின்பு சரிசெய்வது பழுதுபார்த்தல். மிக்சிக்கும் மோட்டார் பம்புக்கும் அது பொருந்தும். விமானத்தில் பெரும்பகுதி வேலை கெடுவதற்கு முன்பே நடக்கிறது. பறந்த மணி, தரையிறங்கிய தடவை, கடந்த நாள் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. கணக்கு முடிந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பாகத்தையும் கழற்றிவிடுவார்கள். பிரேக்கையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு சிறு ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிரேக் தேயத் தேய அது உள்ளே போகும். பார்க்கிங் பிரேக் போட்ட நிலையில் மெக்கானிக் குனிந்து, எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறார். ஊசி விளிம்போடு சமமாகிவிட்டால் மாற்றியாக வேண்டும். அப்போதும் அந்த பிரேக் பிடிக்கத்தான் செய்யும். இதில் பழுது எங்கே இருக்கிறது? போல்ட்டின் தலைத் துளையில் மெல்லிய கம்பியை நுழைத்து, முறுக்கி, அடுத்த போல்ட்டோடு பிணைக்கிறார். போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அதை இறுகும் பக்கமே இழுக்கும். இதுவும் பழுது வராமல் காக்கும் வேலையே.

பறவை மோதினால், டயர் கிழிந்தால் பழுதும் பார்க்கத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். பார்க்கிறார்கள். பேணுதலுக்குள் பழுதுபார்த்தல் அடங்கும். பழுதுபார்த்தலுக்குள் பேணுதல் அடங்காது.

‘விமானப் பராமரிப்புப் பொறியாளர்’ என்பது ‘பழுதுபார்ப்பவர்’ என்பதைவிட மேல். இந்தியாவில் இந்த வேலைக்கான உரிமத்தின் ஆங்கிலப் பெயரிலும் என்ஜினியர் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் பொறியாளர் என்றதும் பெற்றோர் பி.இ. என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வானூர்திப் பொறியியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த விமானத்துக்கும் கையெழுத்திட முடியாது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் தேர்வுகளில் தேறி, பணி அனுபவம் காட்டி உரிமம் பெற வேண்டும். பி1 பிரிவு என்றால் உடற்பகுதி, இன்ஜின். பி2 என்றால் மின்னணுக் கருவிகள். பராமரிப்பு முடிந்ததும், விமானம் பறக்கத் தக்கது என்று சான்றளித்துக் கையெழுத்திடுபவர் இந்த உரிமம் பெற்றவர்தான். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் கிளம்பக் கூடாது. இந்தப் பொறுப்பைத் தாங்கும் சொல் ‘உரிமம்’. அதைப் போய் ‘அனுமதிச் சீட்டு’ என்று எழுதுகிறார்களே, அவர்கள் அகராதியைப் பார்த்தார்களே தவிர வேலையைப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பவர், விமானங்களை நிறுத்திப் பராமரிக்கும் கூடமான ஹேங்கருக்குள் போக முடியாவிட்டாலும், அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டு எழுதலாம்.

பராமரிப்பு வடமொழி வழி வந்த சொல். பழகிவிட்டது, விலக்க வேண்டியதில்லை. ஆனாலும் ‘பேணு’ நம்மிடமே இருக்கிறது. ‘பெரியாரைப் பேணித் தமராக் கொளல்’ என்ற குறளில் போற்றிக் காத்தல் என்ற பொருள் இருக்கிறது. கெட்ட பிறகு மட்டும் கவனிப்பதற்கு யாரும் பேணுதல் என்று சொல்வதில்லை. விமானம் என்பதற்கும் வானூர்தி என்பதே தெளிவு. மீனாட்சியம்மன் கோயில் இருக்கும் ஊரில் ‘விமானப் பராமரிப்பு’ என்றால் கருவறை மேலுள்ள விமானத்துக்குத் திருப்பணியோ என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

பேச்சில் மெக்கானிக் என்றே சொல்லலாம். அந்தச் சொல்லில் எந்தக் குறைவும் இல்லை. அச்சில் தமிழில் எழுதுவதானால் ‘உரிமம் பெற்ற வானூர்திப் பேணுநர்’ என்று எழுத வேண்டும். நீளமாக இருக்கிறது என்பவர்கள் ‘வானூர்திப் பேணுநர்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் வேலைவாய்ப்பு விளம்பரத்தில் ‘உரிமம் பெற்ற’ என்பதை விடக் கூடாது. கையெழுத்திடத் தகுதி உள்ளவர் யார், அவருக்குக் கீழ் வேலை செய்பவர் யார் என்று அந்தச் சொற்களை வைத்துத்தான் தெரியும்.