பிறந்த வீட்டுக் கொய்யாவைப் பரிசாகக் கொடுக்கலாம்

தோட்டம் போடும் மனைவிக்குக் காதலர் தினத்தன்று ரோஜாப் பூங்கொத்து கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். மூன்றாம் நாள் அது எருக்குழிக்குப் போய்விடும். என்னைக் கேட்டால், மன்னார்குடிப் பக்கம் பிறந்து கும்பகோணத்தில் வாழ்க்கைப்பட்டவருக்கு, அவர் ஏறி விளையாடிய கொல்லைக் கொய்யாவைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் சரியான பரிசு. மரத்தைப் பெயர்க்க வேண்டியதில்லை, பதியன் போட்டால், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் வரவைத்து வெட்டி எடுத்தால் போதும்.

பழத்திலிருந்து விதை எடுத்து முளைக்க வைக்கலாமே என்று தோன்றும். விதையில் வேறொரு மரத்தின் மகரந்தமும் கலந்திருக்கலாம். அப்படிக் கலக்காவிட்டாலும் மரபணுக்கள் புதிதாகக் கலைந்து சேரும். அதனால் உள்ளே சிவப்பாக இருந்த பழம் வெள்ளையாகிவிடலாம். பதியனில் வருவது அந்த மரத்தின் பிள்ளை இல்லை, அதே மரம். காய்க்கும் வயதுக்கு வந்த கிளை என்பதால் இரண்டாம் வருடமே காய் பிடிக்கவும் வாய்ப்புண்டு.

இதன் சூட்சுமம் பட்டையில் இருக்கிறது. தண்டின் உள்கட்டையில் உள்ள சைலம் வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுகிறது. பட்டையோடு ஒட்டிய புளோயம் இலையில் தயாரான சர்க்கரையைக் கீழே இறக்குகிறது. இரண்டுக்கும் நடுவில், புதிய செல்களை உண்டாக்கும் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதுதான் கேம்பியம். பென்சில் கனமுள்ள கிளையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தால், மேலே போகும் நீர் நிற்காது, இலை வாடாது. கீழே வரும் சர்க்கரை மட்டும் மறிக்கப்படும். கல்லணையில் ஷட்டரை இறக்கினால் தண்ணீர் அணைக்கு மேல்பக்கம் தேங்குவது மாதிரி, வளையத்தின் மேல் உதட்டில் சர்க்கரை தேங்கும். 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய விஞ்ஞானி மால்பிகி இப்படிப் பட்டையை உரித்துப் பார்த்து, வெட்டுக்கு மேலே தண்டு வீங்குவதைக் கவனித்திருக்கிறார்.

ஆனால் சர்க்கரை மட்டும் வேர் விடச் சொல்லாது. கிளை நுனியில் உருவாகிக் கீழே இறங்கும் ஆக்சின் என்ற ஹார்மோனும் அதே இடத்தில் சேர்கிறது. தண்டாகவே இருந்திருக்க வேண்டிய சில செல்கள், அதன் தூண்டுதலில் வேராக மாறத் தொடங்குகின்றன. 1930களில்தான் ஆக்சினுக்கும் வேருக்கும் உள்ள இந்தத் தொடர்பு உறுதியானது. கடையில் விற்கும் வேர்ப்பொடியில் இருப்பது பெரும்பாலும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம், அதுவும் ஆக்சின் வகைதான். கொய்யா, மாதுளை, எலுமிச்சைக்கு அது இல்லாமலும் வேர் வரும்.

பட்டையை உரித்ததும் கட்டை வழவழவென்று ஈரமாக இருக்கும். விரலில் பிசுபிசுக்கும் அந்தப் படலம்தான் கேம்பியம். கத்தி முனையால் அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் விட்டுவைத்தாலும் புதுப்பட்டை வளர்ந்து இரண்டு கரையையும் இணைத்துவிடும், பதியனும் கெடும். அப்புறம், ஈரத் தேங்காய் நார்த்தூளைக் கையில் பிழிந்து, சொட்டு விழாத பதத்தில் காயத்தைச் சுற்றிப் பொதிந்து, பாலிதீன் தாளால் இரு முனையையும் இறுகக் கட்டலாம். சொட்டச் சொட்ட வைத்தால் காற்று புகாமல் அழுகும். வெயில் படாமல் மேலே ஒரு பழந்துணியைச் சுற்றிவிடுங்கள்.

டெல்டாவில் இதற்கு நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் பொதி காயாது. இரண்டு மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். உடனே வெட்டத் தோன்றும், பொறுக்கணும். வேர் பழுப்பேறிக் கிளைத்த பிறகு, வளையத்துக்குக் கீழே முதலில் பாதி வெட்டி, ஒரு வாரம் கழித்து முழுதாக அறுப்பது நல்லது. மாமியார் வீட்டுக்கு அடிக்கடி போய்வர இது ஒரு சாக்கு.

தென்னை, வாழைக்கு இந்த வித்தை பலிக்காது. அவற்றின் தண்டில் குழாய்கள் சிதறிக் கிடக்கின்றன. உரித்தெடுக்கத் தனியாக ஒரு பட்டை வளையமே இல்லை. வாழைக்குப் பக்கக்கன்று போதும். குண்டுமல்லி, முல்லை என்றால் வேலை இன்னும் சுலபம். கொடியை வளைத்து மண்ணுக்குள் புதைத்துக் கல்லை வைத்தாலே போதும், வேர் விட்டுவிடும்.

பிரித்த செடியில் பாதி இலையைக் கழித்துவிடுங்கள். புது வேரால் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க முடியாது. நம்மூர்க் களிமண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பினால் இறுகிவிடும். மணலும் மட்கிய எருவும் கலக்க வேண்டும். சில வாரம் நிழலில் இருக்கட்டும். பதியன் செடிக்கு ஆணிவேர் கிடையாது. 2018இல் கஜா புயல் வேரோடு சாய்த்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. தரையில் நடும்போதே ஒரு மூங்கில் கழியை ஊன்றி, தண்டு ஆட இடம்விட்டு, சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.